தாளுக்குத் தெரியாத வெளிச்சம்

இருட்டறையில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு பல்பு பட்டென்று அணைந்தது.

"போச்சுடா!" என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

அப்பா புகைப்படக்காரர். வீட்டின் பின்னறையில் சன்னலை அடைத்து, கறுப்புத் துணி தொங்கவிட்டு, அங்கேதான் படங்களைக் கழுவுவார். அந்த அறையின் புளித்த மருந்து வாசனை, அவர் போன பிறகும் வெகுநாள் சுவரை விட்டுப் போகவில்லை.

அன்று கழுவ வேண்டியிருந்தது என் தங்கையின் வகுப்புப் படம். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அவளை நாங்கள் துருவி என்றே கூப்பிடுவோம். அவளுடைய தோழி நெட்டை, சாயங்கால ரயிலில் வேறு ஊருக்குக் குடிபோகிறாள். படத்தோடு ரயிலடிக்கு வருவதாகத் துருவி சொல்லியிருந்தாள்.

"பல்புக் கடை இன்னிக்கு லீவு," என்றார் அப்பா. "கும்மிருட்டுல கழுவினா, படம் எப்ப சரியா வந்துச்சுன்னு எப்படித் தெரியும்? மிச்சம் இருக்கிறதே ஒரே ஒரு போட்டோத் தாள்."

"என் அறையில நீல ராத்திரி விளக்கு இருக்கேப்பா. இதைவிட மங்கல்," என்றேன் நான், பெரிய அறிவாளி மாதிரி.

"நீலம் ஆகாதும்மா. தாள் கறுத்துடும்."

"ஏன்?" துருவி ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு வேலை சொல்லிக் குடுத்தவரு சிவப்புதான்னாரு. நான் ஏன்னு கேக்கல."

துருவி ஓடிப்போய் ஸ்கிப்பிங் கயிற்றைக் கொண்டுவந்தாள்.

"அக்கா, இந்த முனையைப் பிடி. வெளிச்சம் அலை அலையா வருதுன்னு டீச்சர் சொன்னாங்க. சிவப்போட அலை பெரிசாம். ஊதாவுக்கும் நீலத்துக்கும் குட்டி அலையாம்."

கயிற்றை மெதுவாக ஆட்டினாள். ஒரே பெரிய அலை சோம்பலாக எழுந்து விழுந்தது. பிறகு வேகமாக உதறினாள். குட்டிக் குட்டி அலைகள் ஓடிவந்து என் கையைப் படபடவென்று அடித்தன. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"குட்டி அலைக்குத்தான் நிறைய பலம் வேணும்க்கா! நீலம் தாளை ஓங்கிக் குத்துது. சிவப்பு சும்மா தொட்டுட்டுப் போகுது."

"சரி, சிவப்புக்கு எங்கே போறது?"

துருவி தன் கைவேலைப் பெட்டியிலிருந்து சிவப்புக் கண்ணாடித்தாளை எடுத்து டார்ச்சின் முகத்தில் கட்டினாள்.

அப்பா தயங்கினார். "இது என் பல்பு மாதிரி சுத்தமான சிவப்பா? உள்ளே கொஞ்சம் நீலம் ஒளிஞ்சிருந்தா?"

"ஓரத்துல துளி கிழிச்சுக் குடுங்க. கேட்டுப் பார்க்கலாம்."

"யாரை?"

"தாளைத்தான்!"

அப்பா இருட்டில் தடவித் தடவி அந்தப் போட்டோத் தாளின் ஓரத்தைத் துண்டு துண்டாகக் கிழித்தார். ஒரு துண்டின் மேல் என் சட்டைப் பட்டன் ஒன்றை வைத்து, டார்ச்சைக் காட்டி, பிறகு மருந்தில் கழுவினோம். வெளியே கொண்டுவந்து பார்த்தால், சாம்பல் நிறத்தின் நடுவே பட்டன் வடிவில் ஒரு வெள்ளை வட்டம்.

"வெளிச்சம் பட்ட இடமெல்லாம் கறுத்திருக்கு. பட்டனுக்கு அடியில மட்டும் தப்பிச்சிருக்கு," என்றார் அப்பா. "நீலம் கசியுது."

துருவி உதட்டைக் கடித்தாள். கண்ணாடித்தாளை மூன்றாக மடித்துக் கட்டினாள். அடுத்த துண்டு. மறுபடி பட்டன், மறுபடி மருந்து.

இந்த முறை துண்டு முழுவதும் ஒரே வெள்ளை.

"பட்டனைக் காணோம்!" என்று துருவி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்தார். "தொலைஞ்சதுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

அப்பா நெகட்டிவ் வழியே தாளின் மேல் ஒரு கணம் விளக்கைக் காட்டி, தாளை மருந்தில் போட்டார். மடித்த சிவப்பு வெளிச்சத்தில், தட்டில் கிடந்த தாளில் முகங்கள் ஒவ்வொன்றாக எழுந்துவந்தன. "போதும்!" என்று அப்பா சரியான நொடியில் தாளை எடுத்தார்.

ஈரம் காயாத படத்தைக் காற்றில் ஆட்டியபடியே ரயிலடிக்கு ஓடினோம். நெட்டை சன்னல் வழியே கைநீட்டி அதை வாங்கினாள். பார்த்ததும் முகம் சுருங்கியது.

"அய்யோ, நான் மட்டும் கண்ணை மூடியிருக்கேன்டி!"

ரயில் நகர ஆரம்பித்தது. துருவி கூடவே ஓடினாள்.

"அப்போ லீவுக்கு வந்துடு. கண்ணைத் திறந்துட்டு இன்னொண்ணு எடுத்துக்கலாம்!"