ஆறாவது தொட்டி

தன்சீல் அகமது பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய அன்று எங்கள் தெருவில் பாதி ஜன்னல்கள் திறந்திருந்தன. மீதிப் பாதியை நான் போய்த் திறக்கச் சொன்னேன்.

காரிலிருந்து ஏழு பெட்டிகள் இறங்கின. டிரைவர் ஒன்றைத் தூக்கும்போது உள்ளே கலகலவென்று சத்தம். பெண்டாட்டியைப் பிரிந்து பாத்திரம் பண்டத்தோடு வந்துவிட்டான் என்றேன் நான். இரவு இஷா தொழுகைக்குள் அது ஊர் முழுக்க உண்மையாகிவிட்டது. அடுத்த வாரமே அவன் பெண்டாட்டி ஹீனா வந்து இரண்டு நாள் சிரித்துப் பேசித் தங்கிப் போனாள். அதை யாரும் நம்பவில்லை. நான் சொன்னது அப்படி நிற்கும்.

இந்தத் தெருவில் என் பெயர் பக்ருன்னிசா. எல்லோருக்கும் ஆபா, அதாவது அக்கா. என் வீட்டு மாடியில் நின்றால் தன்சீல் குடும்பத்தின் பழைய டேனரி, தோல் பதனிடும் இடம், முழுசாகத் தெரியும். ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். மேலே தோல் காயப்போடுவதற்காகப் பலகை பலகையாய் இடைவெளி விட்டு அடித்த மாடி. பக்கத்தில் பங்களா. டேனரியை மூடி ஒன்பது வருஷமாகிறது. வெயில் ஏறினால் சுவரிலிருந்து இன்றைக்கும் கடுக்காயும் சுண்ணாம்பும் கலந்த வாடை இறங்கி வரும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கிண்ணம் கீர் பாயசத்தோடு போனேன்.

கட்டைகள். குழந்தைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கவ்வவைத்து வீடு கட்டுமே, அந்தப் பிளாஸ்டிக் கட்டைகள். ஊறுகாய் ஜாடிகளில் நிறம் நிறமாகப் பிரித்து வைத்திருந்தான். முப்பத்தெட்டு வயசு ஆண்பிள்ளை.

"இதுதான் வேலையா தம்பி?"

"வேலை கம்ப்யூட்டர்ல ஆபா. இது ஆசைக்கு."

பழைய கட்டடங்களை அளந்து, கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கட்டையாக வரைந்து, எந்தக் கட்டைக்கு மேல் எது வரவேண்டும் என்று படிப்படியாக எழுதி ஊர் உலகத்துக்கு அனுப்புவானாம். யார் யாரோ அதைப் பார்த்துத் தங்கள் வீட்டு மேஜையில் கட்டுவார்களாம். காட்பாடி ரயில்வே குடியிருப்பு ஒன்று ஜப்பானில் யாரோ வீட்டு அலமாரியில் நிற்கிறதாம். ராணிப்பேட்டை பங்களா ஒன்று பனி பெய்கிற ஊரில் இருக்கிறதாம்.

"இப்போ நம்ம டேனரி. தை மாசம் இடிக்கிறாங்க இல்ல? அண்ணன் கல்யாண மண்டபம் கட்டப்போறாரு. அதுக்கு முன்னாடி வரைஞ்சிடணும்."

அண்ணன் ஜியாவுல்லா, ஷூ கம்பெனி முதலாளி. என் மகன் நவீத் அங்கேதான் சூப்பர்வைசர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டுமென்றான். அழைக்காமலே போகிறவள் நான். அழைத்தால் கேட்கவா வேண்டும்?

தொட்டிக் கூடத்துக்குள் பகலிலும் கண் பழகக் கொஞ்ச நேரமாகும். தரையில் வரிசையாகச் சுண்ணாம்புத் தொட்டிகள். முடி உதிர்வதற்காகத் தோலை ஊறவைப்பது இதில்தான். ஆளுயரத்துக்கு மேல் ஆழம். ஐந்து தொட்டிகள் வாயைத் திறந்து கிடந்தன. ஆறாவது இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்டுத் தரை.

"இது மட்டும் ஏன் மூடியிருக்கு?"

"ஒழுகிச்சின்னு மூடினாங்க" என்றேன். தரை ஈரம், வழுக்குகிறது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

தரை காய்ந்துதான் இருந்தது.

தன்சீல் ஐந்து தொட்டிகளை வரைந்தான். ஆறாவது இடத்தில் வழவழப்பான சாம்பல் நிறக் கட்டைகளைப் பரப்பினான். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு படிகள். அனுப்பிய ஒரே வாரத்தில் நானூறு பேர் எடுத்துக்கொண்டார்களாம். தெருவில் நான்தான் அதைச் சொல்லிப் பெருமை அடித்தேன்.

பிறகு ஒரு நாள் கூப்பிட்டான். முகம் சரியில்லை.

"ஆபா, மூணு பேரு எழுதியிருக்காங்க. மூணு பேரும் வேற வேற நாடு. ஒரே கேள்வி. தரைக்கு அடியில ஏன் ஒரு ஆளைப் படுக்க வெச்சிருக்கீங்கன்னு கேக்கறாங்க."

"எந்த ஆளு?"

அவன் தன் கம்ப்யூட்டரில் காட்டினான். நூற்றுப் பன்னிரண்டாம் படி: தரை போடுவது. அடுத்து நூற்றுப் பதின்மூன்று: சுவர். நடுவில் ஆளும் இல்லை, பேரும் இல்லை. அவர்கள் அனுப்பிய படத்தைக் காட்டினான். அதே நூற்றுப் பன்னிரண்டு. சாம்பல் கட்டைகளை மூடுவதற்கு முன்னால், குழியில் ஒரு பொம்மை மனிதன். இரண்டு கையும் மேலே தூக்கியபடி.

முன்பு அனுப்பியதை அழித்துவிட்டு மறுபடியும் அனுப்பினான். மறுபடியும் கடிதம் வந்தது. இந்த முறை பதினொரு பேரிடமிருந்து.

"வைரஸ் இருக்கும் தம்பி" என்றேன். எனக்கு வைரஸ் என்றால் காய்ச்சல்தான் தெரியும்.

தானே கட்டிப் பார்ப்பதென்று தீர்மானித்தான். சாப்பாட்டு மேஜையில் நான்கு நாள் கட்டினான். நான்கு நாளும் நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஆறாவது இடத்தில் கீழே ஒன்றுமில்லை என்று எனக்குக் காட்டிவிட்டு, கட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கினான். டக். டக். டக். நகம் நுழைய இடமில்லாமல் குழி மூடியது.

மறுநாள் மதியம் போனபோது மரியம்மாள் பங்களாவைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

மரியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் இருதயராஜ் இதே டேனரியில் தொட்டிக்குள் இறங்கிக் கழுவுகிற வேலை பார்த்தவன். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் காணாமல் போனான். பேரணாம்பட்டுப் பெண் ஒருத்தியோடு ஓடிவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. மரியம்மாள் தாலியையும் கழற்றவில்லை, வெள்ளையும் உடுத்தவில்லை. மாதா கோயில் கல்லறையில் அவனுக்கு ஓர் அடி இடம் கேட்டாள். உடம்பில்லாமல், சாவுக்குச் சாட்சியில்லாமல் எப்படி என்று திருப்பி அனுப்பினார்கள். ஓடிப்போனவனுக்குச் சிலுவை நட்டால் அவன் திரும்பி வந்து நிற்கும்போது யார் பதில் சொல்வது? நியாயந்தானே.

தன்சீல் மேஜையருகே குனிந்து நின்றான்.

ஆறாவது இடத்துக் கட்டைகள் ஒரு மயிரிழை உயர்ந்திருந்தன.

அவன் அமுக்கினான். இறங்கின.

கையை எடுத்தான். ஏறின.

மின்விசிறி நின்றது. மதியம் இரண்டு மணிக்கு எங்கள் ஊரில் கரண்ட் போவது புதிதில்லை. ஆனால் தெருச் சத்தமும் அதோடு நின்றது. ஷூ கம்பெனியின் ஜெனரேட்டர் இல்லை. காக்கை இல்லை. சுண்ணாம்பு வாடை மட்டும் வந்தது. பழைய வாடை இல்லை. இன்றைக்குக் கரைத்த சுண்ணாம்பின் வாடை, மூக்கு எரிகிற மாதிரி.

தன்சீல் கத்தி முனையால் ஒரு கட்டையை நெம்பினான்.

உள்ளே பொம்மை மனிதன் கிடந்தான். இந்தப் பொம்மைகளுக்கெல்லாம் முகத்தில் சிரிப்பு அச்சடித்திருக்கும். இவனுக்கு முகமே இல்லை. சுண்ணாம்பு தின்ற மாதிரி வெளுத்துப்போயிருந்தது. இடுப்பில் ஒரு நார் சுற்றியிருந்தது. பிளாஸ்டிக் இல்லை, தேங்காய் நார். அதன் நுனி நேராக அறுக்கப்பட்டிருந்தது.

"நான் வெக்கல" என்று முணுமுணுத்தான் தன்சீல்.

மரியம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"அவரு இடுப்புல கவுறு கட்டிக்கினுதான் எறங்குவாரு" என்றாள், பக்கத்தில் தூங்கும் யாரையோ எழுப்பக் கூடாது என்கிற குரலில். "மேல ஒருத்தர் நின்னு பேரு சொல்லிக் கூப்பிடணும் தம்பி. நெதம் அப்படித்தான். உள்ள காத்து கெட்டுப் போயிருக்கும். கூப்ட்டா பதில் வரணும். வரலன்னா கவுத்தப் புடிச்சித் தூக்கிடணும்."

"யாரு மேல நிப்பாங்க?"

"மேஸ்திரி. வேலாயுதம் மேஸ்திரி."

வேலாயுதம் போய்ச் சேர்ந்து நான்கு வருஷம். சாகக் கிடந்த ஒரு மாதமும் அந்த ஆள் வேறு பேச்சே பேசவில்லை. 'இருதயராஜு' என்று கூப்பிடுவார். காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருப்பார். மறுபடி கூப்பிடுவார். ஓடிப்போன சினேகிதன் மேல் எத்தனை பாசம் பாருங்கள் என்று நான்தான் வீடு வீடாகச் சொன்னேன்.

மரியம்மாள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குழிக்குள் பார்த்து, அளவாக, வேலைக்காரர்கள் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள்.

"இருதயராஜு."

ஒன்றுமில்லை.

"இருதயராஜு."



பிறகு வந்தது. மேஜையிலிருந்து இல்லை. எங்கள் காலுக்குக் கீழேயிருந்து, வெகு ஆழத்திலிருந்து, வாயில் சேறு அடைத்தவன் பேசுகிற மாதிரி.

"இருக்கேன்."

மரியம்மாள் அழவில்லை. பதின்மூன்று வருஷம் கழித்துப் பதில் கிடைத்தவள், தலையை மட்டும் ஆட்டினாள். நான் செருப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

தன்சீல் அன்றே அண்ணனிடம் போனான். நவீத் வந்து சொன்னதுதான் எனக்குத் தெரியும். ஜியாவுல்லா கத்தவில்லையாம். தம்பிக்கு டீ வரவழைத்தாராம். "பிளாஸ்டிக் பொம்மையைக் காட்டித் தரையை ஒடைக்கச் சொல்றியா? போலீஸ்லயும் சிரிப்பாங்க. அன்னிக்குக் கண்ணால பாத்தவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வா. நானே ஒடைக்கறேன்" என்றாராம். வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை. சனிக்கிழமை இடிக்கிற வண்டி வந்துவிடும்.

வியாழக்கிழமை தன்சீல் என் வாசலுக்கு வந்தான். பின்னால் மரியம்மாள்.

"ஆபா, அன்னிக்கு நீங்க மாடியில மிளகா காய வெச்சிக்கினு இருந்தீங்களாம். இன்னா பாத்தீங்க?"

என்ன பார்த்தேன் என்று உங்களுக்குச் சொல்கிறேன். இருதயராஜ் உள்ளே போனதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வேலாயுதம் டீ குடிக்க வெளியே போனதைப் பார்த்தேன். திரும்பி வந்தவர் கூப்பிட்டதைக் கேட்டேன். ஒரு தரம், பத்துத் தரம். பிறகு கூடத்துக் கதவு சாத்தப்பட்டது. சாயங்காலம் ஆறு சிமெண்டு மூட்டைகள் உள்ளே போயின. டேனரியில் ஒரு வாடை கூடினால் யாருக்குத் தெரியப் போகிறது? மறுநாள் வேலாயுதம் என் வாசலில் நின்று, 'இருதயராஜு எவ கூடவோ பூட்டான் போலம்மா' என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. பேரணாம்பட்டு என்பது நான் சேர்த்தது. அவளுக்கு மூக்குத்தி உண்டு என்பதும் நான் சேர்த்தது. இரண்டு நாளில் எழுபது வீட்டுக்குக் கொண்டுபோனேன். சிமெண்டு மூட்டையை விட அந்தக் கதைதான் ருசியாக இருந்தது.

இதை வாசலில் நின்றவர்களிடம் சொல்லவில்லை. உள்ளே நவீத் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டில் அவன் கை நின்றுவிட்டது எனக்குக் கேட்டது.

"ஒன்னும் பாக்கல தம்பி. வெயிலு, கீழ எறங்கிட்டேன்."

மரியம்மாள் முன்னால் வந்தாள்.

"நீங்கதானேக்கா பேரணாம்பட்டுப் பொம்பளன்னு சொன்னீங்க. அவ பேரு இன்னா?"

ஊரில் எல்லோருக்கும் பெயர், வீடு, ஜாதகம் சொல்கிற எனக்கு ஒரு பெண்ணின் பெயர் வாயில் வரவில்லை.

"மூக்குத்தி போட்டிருப்பான்னு சொன்னீங்களே. பேரு மட்டும் சொல்லுங்க. நான் போயி அவ கிட்டயே கேட்டுக்கறேன்."

"மறந்துபோச்சு மரியம்மா."

அவள் சரியென்று தலையாட்டிவிட்டுப் போனாள். திட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை இடித்தார்கள். அந்தப் பலகை மாடி ஒரே மூச்சில் உட்கார்ந்தது. திங்கட்கிழமை கலவை லாரி வந்து ஐந்து தொட்டிகளையும் நிரப்பி, ஆறாவதின் மேலும் சேர்த்து ஊற்றியது. மண்டபத்தின் மேடை அந்த இடத்தில்தான் வருகிறது. அடுத்த வருஷம் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்வார்கள். பிரியாணிக்கு நானும் போவேன்.

தன்சீல் அந்த வரைபடத்தை எடுத்துவிட்டான். ஆனால் போன நானூறு போனதுதான். கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பார்த்தறியாத ஊர்களில், பார்த்தறியாத மேஜைகளில், இருதயராஜைத் திரும்பத் திரும்பப் படுக்கவைத்து மூடுகிறார்கள்.

பொம்மை மனிதனை மரியம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு ஷூ டப்பாவில் வைத்து, பட்டப்பகலில், யாரையும் கேட்காமல், கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் கொத்தி இறக்கினாள். இரண்டு குச்சிகளைச் சேர்த்துக் கட்டி நட்டாள். யாரும் தடுக்கவில்லை. நான் தோட்டத்துக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். மண் தள்ளுவதற்கு முன் அவள் கூப்பிட்டுப் பார்த்தாள். மூன்று தரம்.

பதில் வரவில்லை. அவள் அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டிருப்பாள்.

தன்சீல் பெங்களூருக்குப் போகிற அன்று ஒரு சின்னப் பார்சலை என் சுவர்மேல் வைத்துவிட்டுக் காரில் ஏறினான். பிரித்துப் பார்த்தேன். என் வீடு. நீலக் கதவு, மாடி, மாடியில் காயும் மிளகாய்க்குச் சிவப்புக் கட்டைகள். அச்சு அசல். ஷோகேஸில் வைத்தேன். வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன்.

ஒரு வாரமாகக் காட்டுவதில்லை.

அந்தப் பொம்மை வீட்டுக் கூடத்துத் தரையில் சாம்பல் நிறக் கட்டைகள் கொஞ்சம் உயர்ந்திருக்கின்றன. அமுக்கினால் இறங்குகின்றன. கையை எடுத்தால் ஏறுகின்றன. நெம்பிப் பார்க்கவில்லை. நேற்று மதியம் ஷோகேஸுக்கு மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டுப் படுத்தேன். மின்விசிறி நின்றது. மூக்கு எரிந்தது.

நான் யாரையும் கூப்பிடவில்லை.

"இருக்கேன்" என்றது, என் கட்டிலுக்குக் கீழே.