காதோரம் குவிந்த கை

"ஏங்க! கொஞ்சம் மெதுவாப் படிக்கக் கூடாதா?"

கத்தியதாகத்தான் நவமணி நினைத்தாள். வந்ததென்னவோ வெறும் மூச்சுக்காற்று.

கோட்டைத் திடலின் கடற்சுவர் ஓரம் பத்தடி தள்ளி நின்றவன் திரும்பவே இல்லை. அலைகளைப் பார்த்து ஆங்கிலத்தை முழங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சொல்லும் தொங்கான் படகிலிருந்து இறக்கும் அரிசி மூட்டையாகத் தொப்பென்று விழுந்தது.

காலை ஐந்து மணியிலிருந்து ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்த கால்கள் அவளுக்கு. குதிகால் விண்விண்ணென்று தெறித்தது. நாள் முழுவதிலும் இந்த மாலை ஒரு மணி நேரம்தான் அவளுடையது... அதையும் இந்தத் தொண்டை பிடுங்கிக்கொண்டதே!

எழுந்து போய் அவன் எதிரே நின்றாள். அப்போதுதான் அவன் கையிலிருந்ததைக் கவனித்தாள். ஏழாம் வகுப்பு ஆங்கில வாசகப் புத்தகம். அவள் கையிலிருந்த அதே புத்தகம். பக்கமும் அதே... பனி கொட்டும் ஊரில் ஆட்டைத் தொலைத்த கிழவனின் கதை.

அவள் ஏதோ சொன்னாள். அவன் வலக்கையைக் குவித்துக் காதோரம் வைத்தான்.

"கேக்கலைங்க. இன்னொரு தரம்..."

சொன்னாள்.

"கேக்கல."

"நீங்க கத்துற கத்துல கெடச்ச ஆடும் ஓடிப்போயிடும்னேன்!"

அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு சிரித்தான். வெயிலையும் உப்புக்காற்றையும் பார்த்துச் சுருங்கிப் பழகிய கண்கள்... சிரித்தபோது ஓரங்களில் மெல்லிய கோடுகள் விழுந்தன. இதையெல்லாம் ஏன் கவனிக்கிறோம் என்று நவமணிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அதற்குள் மழை வந்துவிட்டது. பினாங்கு மழை கேட்டுக்கொண்டா வரும்? இருவரும் மீரா சாகிப்பின் தேநீர் வண்டிக் கூரைக்கு ஓடினார்கள்.

"வாம்மா... தம்பி, நீயும் வா. ரெண்டு பேரும் ஒரே புஸ்தகம் போலிருக்கே!" என்றார் மீரா சாகிப், கோப்பைகளை நீட்டியபடி.

அவன் பெயர் பக்கிரிசாமி. துறைமுகத்தில் வேலை. எந்தப் படகுச் சரக்கு எந்தக் கிட்டங்கிக்கு என்று கரையில் நின்று கூவ வேண்டும். ஏழாம் வகுப்புத் தேறினால் கணக்கெழுதும் கிராணியாகலாம்.

"நிழல்ல உக்காரலாமே, அதான்," என்றான். "நீங்க?"

"ஆஸ்பத்திரியில ஆயா. பாஸ் பண்ணா மிஸ்ஸி படிப்புக்கு, அதான் நர்ஸ் வேலைக்கு, எடுத்துப்பாங்க." அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "போன வருஷம் எழுத்துல எல்லாம் பாஸ். வாசிச்சுக் காட்டுறதுலதான்... பரீட்சைத் துரைக்குக் கேக்கலையாம்."

மூன்று வருடம் வார்டில் வேலை. நோயாளி விழித்துவிடக் கூடாதென்று குசுகுசுத்தே பழகிய குரல். துரை முன்னால் நின்றதும் அதுவும் அடங்கிவிட்டது.

"இந்த வருஷம்தான் கடைசி. அப்புறம் வயசு தாண்டிடும். அண்ணன் பாலிக் புலாவுக்குக் கூட்டிட்டுப் போயிடும். ஜாதிக்காய்த் தோட்டத்துக்கு."

பக்கிரிசாமி கடைசி மிடறைக் குடித்து முடித்தான்.

"எனக்கு நேர் எதிர்," என்றான் பிறகு. "போன தடவை நான் வாசிச்சதுல துரை நாற்காலியைப் பின்னால தள்ளிக்கிட்டாரு. பேசாம ஒண்ணு செய்வோமா மிஸ்ஸி?"

"இன்னும் மிஸ்ஸி இல்ல."

"ஆகப்போறீங்கதானே!"

மறுநாளிலிருந்து தொடங்கியது. முதல் அரைமணி இலக்கணம். காலங்களை அவன் கலைத்துப் போடுவான், அவள் அடுக்கிவைப்பாள். நேற்று நடந்ததையெல்லாம் நாளைக்கு நடக்கப்போவதாக அவன் எழுதி வைத்திருப்பான். "இப்படிக் கிராணி ஆனா கப்பல் வர்றதுக்கு முன்னாடியே சரக்கை இறக்கிடுவீங்க..." என்பாள்.

அடுத்த அரைமணி வாசிப்பு. அவன் இருபது அடி தள்ளிப் போய் நிற்பான். அவள் ஆட்டுக்காரக் கிழவனை வாசிக்க வேண்டும். குரல் தேய்ந்தால் அவன் கை குவிந்து காதோரம் போகும். பிறகு அவன் முறை. காய்ச்சலில் தூங்குகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதாக நினைத்து வாசிக்க வேண்டும். சத்தம் எழும்பினால் அவள் உதட்டில் விரல் வைப்பாள்.

சில நாள் இருவருக்கும் வாயைத் திறக்கவே தெம்பிருக்காது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கடலைப் பார்ப்பார்கள். அவன் தோளில் மூட்டைச் சணலின் வாசனை. அவள் கைகளில் பினாயில். பேசாமல் இருக்கக்கூட ஒருவர் துணை வேண்டியிருக்கிறதே என்று நவமணி ஒருநாள் நினைத்தாள்... நினைத்ததும் அவசரமாகப் புத்தகத்தைத் திறந்தாள்.

டிசம்பரில் தேர்வு. எழுத்துத் தாள்கள் முடிந்தன. வாசிப்புக்குக் கூப்பிட்டபோது அவள் முதலில், அடுத்தவன் அவன். திறந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

துரை பக்கத்தைக் காட்டினார். நவமணி வாயைத் திறந்தாள். முதல் வரி... காற்று. துரை பேனாவை எடுத்தார். அவளுக்குக் கண் இருட்டியது. ஜாதிக்காய்க் கூடை தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

வாசலுக்கு வெளியே, குவிந்த ஒரு கை. காதோரம்.

கடற்சுவர் ஞாபகம் வந்தது. இருபது அடி தூரம். வாசித்தாள்... கடைசி வரி வரை புத்தகத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை. முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தபோது துரை தலையசைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தாள். பெஞ்சு காலி.

அன்று மாலை அவன் கடற்சுவருக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஐந்து வாரம் கழித்து ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அவன் பெயர் இல்லை.

தோற்றுப்போன வெட்கமா? அதற்காக ஒரு வார்த்தை சொல்லாமல் ஒளிந்துகொள்வதா? வேலை முடிந்து மீரா சாகிப்பின் வண்டியருகே உட்கார்ந்தவளுக்குத் தேநீர் கசந்தது. பாஸ் பண்ணியும் இத்தனை அசதியா?

"மீரா நானா... அவங்க இந்தப் பக்கமே வர்றதில்லையா?"

மீரா சாகிப் கோப்பையைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"சொல்லாதன்னு சொன்னான்ம்மா. என் வாய் நிக்கமாட்டேங்குதே... அவன் தோக்கல. வாசிக்கவே விடல. யாருக்கோ சாடை காட்டினான்னு பியூன் பார்த்துட்டான். பெரிய துரைகிட்ட இழுத்துட்டுப் போயிருக்காங்க. உள்ள வாசிக்கிற பொண்ணு யாருன்னு கேட்டிருக்காரு."

"என்ன சொன்னாங்க?"

"அந்தப் பொண்ண எனக்குத் தெரியவே தெரியாதுன்னானாம். காது அரிச்சிச்சு, சொறிஞ்சேன்னு சாதிச்சுட்டான். தெரியும்னு சொல்லியிருந்தா உன் பேரையும் அடிச்சிருப்பாங்கல்லா!"

நவமணி கோப்பையை வண்டிமேல் வைத்துவிட்டாள்.

"அப்புறம் ஏன் அவங்க வரல, மீரா நானா?"

"வந்தா நீ நன்றிக்கடன்னு நினைச்சுப் பழகுவியாம். அது வேணாமாம் அவனுக்கு. ரோஷக்காரப் பய!"

அவள் எழுந்துவிட்டாள். குதிகால் வலித்தது. வலித்துவிட்டுப் போகட்டும்... நடந்தாள்.

துறைமுகம் ஒரே இரைச்சல். சங்கு, வண்டிச் சக்கரம், சீனக் கூலிகளின் கூப்பாடு. மரப்பாலத்தின் கோடியில், படகுகளைப் பார்த்தபடி முதுகு காட்டி நின்றான் பக்கிரிசாமி. இருபது அடி அல்ல, நூறடி இருக்கும்.

நவமணி மூச்சை இழுத்தாள்.

"பக்கிரிசாமி...!"

துடுப்புப் போட்டவன் நிறுத்தினான். மூட்டை தூக்கியவர்கள் திரும்பினார்கள். எல்லோருக்கும் கடைசியாக அவன் திரும்பினான். கத்தியது யாரென்று பார்த்ததும் அவன் வாய் திறந்தபடியே நின்றது.

கிட்டே போனாள். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் அப்போதுதான் வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"காது அரிப்பு தேவலையா?"

அவன் தலை குனிந்தது. "அந்தக் கிழட்டு வாய்..."

"உங்களுக்கு இந்த வருஷம் போச்சே!"

"எனக்கு அடுத்த வருஷம் இருக்கு. உங்களுக்கு இல்ல. அவ்வளவுதான் மிஸ்ஸி. அதுக்காகவெல்லாம் நீங்க இங்க வரணும்னு இல்ல."

"நன்றி சொல்ல வரல. என் பேரு உங்களுக்கு நெஜமாவே தெரியாதான்னு கேட்க வந்தேன்."

தூறல் விழுந்தது. அவன் நிமிர்ந்தான். வெயிலுக்குச் சுருங்கும் அந்தக் கண்கள் இப்போது அகலத் திறந்திருந்தன. நடுக்கடல் படகைத் தன் குரலால் நிறுத்துகிறவன், காய்ச்சலில் தூங்குகிறவர் பக்கத்தில் பேசுகிற குரலில் சொன்னான்:

"நவமணி... அந்தப் பொண்ண எனக்குத் தெரியும்னு இனிமே எல்லார்கிட்டயும் சொல்லணும் போல இருக்கு. ஆயுசு முழுக்க. சொல்லட்டுமா?"

மூன்று வருடம் குசுகுசுப்புகளையே கேட்டுப் பழகிய காது அவளுடையது. ஒரு எழுத்துகூடத் தவறவில்லை.

ஆனாலும் வலக்கையைக் குவித்துக் காதோரம் வைத்தாள்.

"கேக்கலைங்க..." என்றாள். "இன்னொரு தரம்."