ஒரு ஹாரன் என்றால் ஆமாம்

ஹாரன் ஒருமுறை அடித்தது. அதே நேரத்தில் வீட்டுக்குள் யாரோ இருமினார்கள்.

பானெட்டுக்கு அடியில் தலையை நுழைத்திருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஹாரன் அடித்தது அவள் கணவர். வேனின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். சற்று முன்னால் அவள்தான் தோள் கொடுத்து ஏற்றி உட்கார வைத்தாள். இருமியதும் அவர்தான். முதலில் ஒரு செருமல், ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் சேர்ந்தாற்போல இரண்டு இருமல். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல் தெரியாதா? ஆனால் அது ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

மழைதான் என்று சொல்லிக்கொண்டாள். மதியத்திலிருந்து தகரக் கூரையில் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. எந்தச் சத்தத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறதோ.

அந்த மினிவேன்தான் அவர்களுக்குச் சோறு போடுகிறது. கம்பெனி ஆட்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்குவது அவள் வேலை. வண்டியின் வயிற்றைப் பிரித்து வைத்தியம் பார்ப்பதும் அவளேதான். ஒரு வாரமாக இன்ஜின் மிஸ்ஸிங் அடித்தது. மேடு ஏறும்போது குளிர்ஜுரம் வந்த ஆள் மாதிரி உதறியது. பிளக் வயர்கள் வெடித்து, மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துகொண்டிருந்தது. புது செட் வாங்கி வந்துவிட்டாள். நாளைக் காலையில் அவரைக் கை கால் பயிற்சிக்காக மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பாதி வழியில் வண்டி நின்றால், அவரைத் தூக்கிக்கொண்டா நடக்க முடியும்?

பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு இடது கையும் காலும் இல்லாத மாதிரிதான். நாலு கால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, அவள் பக்கத்தில் நின்றால் மட்டும், காலை இழுத்து இழுத்து நடப்பார். பேச்சு நாக்கிலேயே குழைந்துவிடும். அதற்கு முன்னால் அவர் வாய் சும்மா இருந்ததே கிடையாது. "ஊர்ல எல்லாரும் பொண்ணு பாக்கப் போனாங்க, நான் மட்டும் மெக்கானிக் பாக்கப் போனேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மெக்கானிக்கம்மா என்றுதான் கூப்பிடுவார். இப்போது அது வெறும் "மெ...ம்மா". அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வரும். அவர் பார்க்காத பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இன்றைக்கு அவரே வலது கையை நீட்டி வேனைக் காட்டி, சாவி திருப்ப நான் வருகிறேன் என்று அடம் பிடித்தார். காலையிலிருந்தே முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு. இடது கையை மடியில் துண்டுக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, "என்ன ஒளிக்கிறீங்க?" என்று அவள் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். சரி, குழந்தை மாதிரி ஆகிவிட்டார் என்று விட்டுவிட்டாள்.

தூக்கிய பானெட் கண்ணாடியை மறைத்துவிடும். சீட்டில் இருப்பவர் முகம் தெரியாது, அவர் குரலும் இவ்வளவு தூரம் வராது. அதனால் ஒரு ஏற்பாடு. ஒரு ஹாரன் என்றால் ஆமாம். சும்மா இருந்தால் இல்லை. இரண்டு ஹாரன் என்றால் இங்கே வா.

முன்வரிசை வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பழையது வெளியே வந்ததும் அதே இடத்தில் புதியதை மாட்டினாள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்கிப் போட்டால் எது எங்கே போகும் என்று குழம்பிவிடும். வயர் நுனியிலிருந்த பழைய ரப்பர் தொப்பிகள் பிளக்கை விட மனமில்லாமல் ஒட்டிக்கொண்டு, திருகித் திருகி இழுத்தபின் ஒரு சின்ன முத்தச் சத்தத்தோடு விட்டன. கருகிய ரப்பர் வாசனை விரல்களில் ஏறியது. பின்வரிசைதான் கஷ்டம். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சந்து; தோள் வரை கையை விட்டு விரல் நுனியால்தான் தேட வேண்டும்.

கன்னத்தை எண்ணெய்ப் பிசுக்கில் அழுத்திக்கொண்டு தேடும்போதுதான் வீட்டுக்குள் நாற்காலி நகர்ந்தது. தரையில் ஒரு நீண்ட கீறல். பிறகு முனகலாய் ஒரு பாட்டு, வார்த்தை இல்லாமல். ஷேவ் செய்யும்போது அவர் முனகுகிற பாட்டு. முனகி எத்தனையோ மாதம் ஆயிற்று.

பிறகு குரல். நிதானமாக, முழுசாக, ஒரு எழுத்தும் குழையாமல்.

"மெக்கானிக்கம்மா."

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆசை.

பானெட்டின் கீழ்விளிம்புக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு விரற்கடை இடுக்கு உண்டு. அதன் பக்கம் வாயை வைத்து, "ஏங்க, நீங்களா கூப்பிட்டீங்க?" என்றாள்.

ஹாரன் அடிக்கவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தன்னைத் தானே திட்டிக்கொண்டு கடைசித் தொப்பியைச் சந்துக்குள் அழுத்தினாள். உட்கார்ந்ததா இல்லையா, விரலுக்குத் தெரியவில்லை. இருட்டில்தான் தெரியும். எங்கே கசிந்தாலும் இருட்டில் நீலமாகப் பொறி பறக்கும். தெரு விளக்கு உள்ளே வராமல் ஷட்டரைத் தரையோடு இறக்கினாள். மூடிய ஷெட்டில் இன்ஜின் ஓடினால் புகை ஆளைக் கொன்றுவிடும், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே தூக்கிவிடலாம்.

இடுக்கில் வாய் வைத்துச் சொன்னாள். "ஸ்டார்ட் பண்ணுங்க. நான் சொல்ற வரைக்கும் ஆஃப் பண்ணக் கூடாது. சரியா?"

ஒரு ஹாரன்.

இன்ஜின் உதறிக்கொண்டு எழுந்தது. அவள் வீட்டுக் கதவோரம் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டு, இருட்டில் வண்டியைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தாள். முன்வரிசை சுத்தம். பின்னால், கண்ணாடிக்கு நேர் கீழே, சந்துக்குள் நீலப் பொறி துடித்துக்கொண்டிருந்தது. சட். சட். ஒவ்வொரு பொறிக்கும் இடுக்கு வழியே உள்ளே ஸ்டியரிங் தெரிந்தது, மறைந்தது. தெரிந்தது.

ஸ்டியரிங் மேல் ஒரு கை இருந்தது.

சட். அது இடது கை.

சட். விரல்கள் விரிந்தன.

சட். மூடின. திரும்ப விரிந்தன. அவளைப் பார்த்து ஆட்டின.

அந்தக் கையைத் தினமும் கழுவித் துடைப்பது அவள்தான். நகம் வெட்டுவது அவள்தான். தூக்கினால் ஈரத் துணி மாதிரி தொங்கும் கை. அது ஆடுகிறது. அப்படியென்றால் இந்த சீட்டில் உட்கார்ந்திருப்பது யார்? யாரை நான் தோளில் தாங்கி ஏற்றினேன்?

"அங்க நிக்காத," என்றது வீட்டுக்குள்ளிருந்து அவர் குரல். "அது நான் இல்ல. வா."

காய்ந்த மரக்குச்சியை எடுத்துத் தொப்பியின் தலையில் ஓங்கி அழுத்தினாள். ஏன் செய்தாள் என்று தெரியாது, கைப்பழக்கம். டக்கென்று உட்கார்ந்தது. பொறி நின்றது. உதறல் நின்றது. இன்ஜின் பட்டு மாதிரி ஓடியது. கண்ணுக்கு முன்னால் ஒரே இருட்டு.

இரண்டு ஹாரன். இங்கே வா.

அவள் பின்னால் நகர்ந்தாள்.

மறுபடி இரண்டு ஹாரன். கூடவே கேபினுக்குள்ளிருந்து, உயிரைக் கொடுத்துக் கத்திய மாதிரி, குழைந்த சத்தம். சிரிப்பா, அழுகையா. "மெ... ம்மா..."

அவள் ஓடினாள். கதவைத் திறந்து உள்ளே விழுந்து, இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைத் தள்ளினாள். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"வந்துட்டியா," என்றது குரல், நடையின் இருட்டிலிருந்து. "நல்ல வேள."

"ஏங்க," என்றாள். உடம்பெல்லாம் அழுகையாக இருந்தது. "பயந்துட்டேங்க."

"இனிமே என்ன பயம்."

காலடிகள் அவளை நோக்கி வந்தன. திடமாக, ஒரே அளவாக. இடது, வலது. இடது, வலது. எந்தக் காலும் இழுபடவில்லை. ஸ்டாண்டின் நாலு கால்கள் தரையில் தட்டவில்லை. எப்படித் தட்டும்? ஸ்டாண்டை அவள்தான் வேனின் டிரைவர் கதவில் சாய்த்து வைத்தாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அது இல்லாமல் அவர் இறங்கவும் முடியாது, நடக்கவும் முடியாது.

காலை ஞாபகம் வந்தது. துண்டு. துண்டுக்கு அடியில் ஒளித்த கை. திருட்டுச் சிரிப்பு.

கை வந்துவிட்டது. அவருக்குக் கை வந்துவிட்டது. அதைக் காட்டத்தான் வேனில் ஏறி உட்கார்ந்தார்.

அவள் திரும்பித் தாழ்ப்பாளைப் பிடித்தாள்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து அவள் கைகளின் மேல் உட்கார்ந்தன. இரண்டும் நல்ல கைகள். சூடாக இருந்தன. தாழ்ப்பாள் அசையவில்லை.

இரண்டு ஹாரன்.

"ஆஃப் பண்ணுங்க," என்று கத்தினாள். "ஏங்க, சாவிய அணைங்க, புகை..." மழை அதை விழுங்கியது. சொல்கிற வரைக்கும் அணைக்கக் கூடாது என்று அவள்தான் சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னபடி செய்கிற மனுஷன்.

கதவுக்கு அடியிலிருந்து பெட்ரோல் புகை வாசனை வந்தது. கைகள் இறுகின. தன் கைகளை இழுத்தாள், அதன் முன்கையைக் கடித்தாள், காலால் கதவை உதைத்தாள். நேரம் போனது.

இரண்டு ஹாரன். நடுவில் நீண்ட இடைவெளி. மழை ஒரு கணம் தணிந்தது.

"கேக்குதாங்க? நான் இங்கதான் இருக்கேன். கேக்குதா?"

ஒரு ஹாரன்.

"சாவிய அணைங்க!" மழை மறுபடி கொட்டி அதை விழுங்கியது. பிறகு அந்தப் பக்கம் ஏதோ கனமாக ஸ்டியரிங் மேல் சாய்ந்தது. ஹாரன் நிற்காமல் அடிக்க ஆரம்பித்தது.

"மெக்கானிக்கம்மா," என்றது அவள் காதோரம், ஆசையாக, ஒரு எழுத்தும் குழையாமல். செருமியது. ஒரு சின்ன இடைவெளி விட்டு இரண்டு முறை இருமியது.

கதவுக்கு அந்தப் பக்கம் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அதற்கு அடியில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூட மிஸ்ஸிங் அடிக்கவில்லை.