ஆளுக்கொரு துளி வலி

மாட்டுவண்டிக்காரர்கள் சாட்டையைக் கீழே போட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அன்பு பெருகிவிட்டது என்று யாரும் தப்பாக எண்ணிவிட வேண்டாம். மாட்டின் காதுக்குப் பின்னால் ஒத்துணரி ஒட்டியிருக்கிறது. அதன் ஜோடி வண்டிக்காரரின் பிடரியில். மாட்டின் முதுகில் ஓர் அடி விழுந்தால் அதே அடி, அதே நொடியில் அவர் முதுகிலும் விழும். சட்டம் வந்த முதல் வாரம் ஆஸ்பத்திரிகளில் கூட்டம் தாங்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மாடுகள் ராஜநடை போட்டன.

குதிரைப் பந்தயங்களுக்கும் ஒத்துணரி வந்தது. நூற்று அறுபது கிலோமீட்டர் ஓடும் நெடுந்தொலைவு ஓட்டத்தில், முன்பெல்லாம் ஒவ்வொரு கட்டத்திலும் கால்நடை மருத்துவர்கள் குதிரையை நிறுத்தி நாடி பார்ப்பார்கள். நடக்கவிட்டு, நொண்டுகிறதா என்று கவனிப்பார்கள். சரியில்லையென்றால் வெளியே அனுப்பிவிடுவார்கள். இப்போது அந்தச் சோதனைகளை எடுத்துவிட்டார்கள். குதிரைக்கு வலித்தால் ஓட்டுகிறவருக்கும் வலிக்கும், அவரே இறங்கிவிடுவார், பிறகு டாக்டர் எதற்கு என்பது வாதம்.

இந்திய அணியின் டாக்டர் மரகதவல்லிக்கு அதனால் மங்கோலியப் புல்வெளியில் ஒரு கூடாரமும், கூடாரத்துக்குள் ஒரு நாற்காலியும், நாற்காலிக்கு முன்னால் ஒரு வலிமானியும்தான் மிஞ்சியிருந்தன. குதிரையின் வலி எவ்வளவு என்று அதன் முள் காட்டும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

இன்னொரு வேலையும் அவள் செய்திருந்தாள். அதுதான் அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

ஒத்துணரி வந்த புதிதில், வலி தாங்காமல் சில வீரர்கள் மயங்கி விழுந்தார்கள். அவர்கள் உயிருக்கு ஆபத்து வரக்கூடாதென்று, வீரருக்கு வரும் வலியில் ஒரு பகுதியை வேறு சிலர் மணிக்கட்டுப் பட்டை கட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அந்த வேறு சிலருக்குத் தாங்கிகள் என்று பெயர். எத்தனை பேர் தாங்கலாம் என்பதற்கு விதியில் வரம்பு போட மறந்துவிட்டார்கள். ஆள் கணக்கில் நம்மை யார் அடித்துக்கொள்ள முடியும்? சில கோடிப் பேர் பட்டை கட்டினார்கள். ஒரு குதிரையின் வலி ஆளுக்கு எறும்புக்கடி அளவுக்கு வந்து நின்றது. வீரருக்கும் அதே எறும்புக்கடிதான்.

மற்ற நாட்டுக்காரர்களுக்கு இது வீரருக்குச் செய்யும் உதவி என்று தெரியும். நம் ஜனங்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்கு நோய் வந்தால் தான் அலகு குத்திக்கொள்வதாக நேர்ந்துகொள்கிற நாடு இது. நான் தாங்கினால் குதிரைக்குக் குறையும் என்று நம்பினார்கள். மஞ்சள் துணி கட்டி, விரதம் இருந்து, குதிரையின் பெயருக்கு அர்ச்சனை செய்து பட்டையைக் கட்டிக்கொண்டார்கள். வலி சுருக்கென்று வந்தபோதெல்லாம் அவர்கள் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது.

ஒத்துணரி குதிரையின் வலியை எடுப்பதில்லை, நகல்தான் எடுக்கிறது. குதிரையின் வலி குதிரையிடமே முழுசாக இருக்கும். இது மரகதவல்லிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அவள் தொலைக்காட்சியில் தோன்றி, "சிட்டுவோட வலியில ஆளுக்கொரு துளி எடுத்துக்குங்க" என்று சொன்னாள். எழுதிக் கொடுத்ததைப் படித்தேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் ஒரு நாள்கூட உதவவில்லை.

சிட்டு சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை. வாழைப்பழத்தைத் தோலோடு தின்னும். நாடி பார்க்க நெருங்கினால் மரகதவல்லியின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடும்.

அன்று அணியில் நான்கு பேர் கிளம்பினார்கள். ஒருவருடைய குதிரை தண்ணீர் குடிக்க மறுத்ததால் பாதியில் விலகிவிட்டார். இருவர் நல்ல நேரத்தில் முடித்துவிட்டார்கள். மூன்று பேர் முடித்தால்தான் அணிக்கு இடம் உண்டு. ஆகவே எல்லாம் சிட்டுவின் மேலிருந்த இம்மானுவேலின் தலையில் வந்து விழுந்தது. அவன் முடித்தால் தங்கம், இறங்கினால் அணியே பட்டியலில் இல்லை.

கடைசிக் கட்டத்தில், ஒரு மேட்டைத் தாண்டியதும் முள் துள்ளிச் சிவப்புக்குப் போனது. வலது முன்னங்கால். ஒரு மனிதனுக்கு இவ்வளவு வலி இருந்தால் அவன் தரையில் புரண்டு அலறிக்கொண்டிருப்பான்.

காதுக்கருவியில் இம்மானுவேலின் குரல் வந்தது. பொள்ளாச்சிப் பையன், எப்போதும் மரியாதை குறையாது. "மேடம், சிட்டு நடை ஒரு மாதிரியா இருக்குதுங்க. எனக்குச் சும்மா கொசு கடிச்ச மாதிரித்தானுங்க இருக்குது. அவளுக்கு ஒண்ணுமில்லீங்களே?"

மரகதவல்லியின் விரலுக்கு அருகில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் தாங்கிகளின் தொடர்பு அறுந்துபோகும், முழு வலியும் இம்மானுவேலுக்குப் போகும். அடுத்த நொடி அவன் கீழே இறங்கிவிடுவான்.

பின்னால் அணி மேலாளர் உதயச்சந்திரன் நின்றிருந்தார். கெட்ட மனிதர் அல்ல. ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார்.

"சார், கால் போயிட்டு இருக்கு," என்றாள் அவள்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான் டாக்டர்."

"அவளால முடியாது சார்."

"அமுக்கறதுன்னா அமுக்குங்க, நான் கையைப் பிடிக்கல. ஆனா ஏன் நிறுத்தினீங்கன்னு ஜனங்க கேப்பாங்க. இத்தனை கோடிப் பேர் தாங்கியும் குதிரைக்கு ஏன் வலிக்குதுன்னு கேப்பாங்க. டிவியில சொன்னது நீங்க. நீங்கதான் பதில் சொல்லணும்."

தங்கத்தின் மேல் அவளுக்கு ஆசை இருக்கவில்லை. பொய் சொன்னாள் என்று நாடு முழுவதும் தன்னைப் பார்க்குமே என்ற பயம்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. விரல் பொத்தானை விட்டு நகர்ந்தது.

"நல்லாத்தான் இருக்கா இம்மானுவேல்," என்றாள். "வாங்க."

தன் குரல் அவ்வளவு தெளிவாக வந்ததை நினைத்து அவள் கூசிப்போனாள்.

சிட்டு எல்லைக்கோட்டைத் தாண்டியது. கொடிகள் பறந்தன. யாரோ இம்மானுவேலின் தோளில் மூவர்ணத்தைப் போர்த்தினார்கள். இன்னும் பத்தடி நடந்ததும் சிட்டுவின் வலது கால் இருக்கக் கூடாத திசையில் மடிந்தது. அது மார்பால் தரையில் விழுந்தது.

மரகதவல்லி ஓடினாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. இனி ஊசி ஒன்றுதான்.

இம்மானுவேல் மண்டியிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். "நல்லா இருக்கான்னு சொன்னீங்களேங்க மேடம்," என்றான். கோபமாகக் கேட்டிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும்.

அவள் அவன் பிடரியிலிருந்த ஒத்துணரியைப் பிய்த்துத் தன் பிடரியில் ஒட்டிக்கொண்டாள். காதுக்கருவியில் கூடாரத்து உதவியாளரிடம் அந்தப் பொத்தானை அழுத்தித் தாங்கிகளின் தொடர்பை அறுக்கச் சொன்னாள். யாராவது ஒருவருக்காவது முழுசாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தாள்.

வலது கை தோளோடு பிய்ந்ததுபோல் இருந்தது. கண்ணில் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. இதோடுதான் அந்த ஜீவன் கடைசி மேட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறது, அவள் "வாங்க" என்று கூப்பிட்டதற்காக. இடது கையால் ஊசியைப் பிடித்தாள். சிட்டு தாடையை அவள் முழங்காலில் வைத்தது. மருந்து இறங்கியது. வலி மெல்ல வடிந்து இல்லாமல் போனது.

மைதானத்துப் பெரிய திரையில் அப்போது வெடிச்சத்தம் கேட்டது. நாடு முழுவதும் தெருக்களில் பட்டாசு. தாங்கிகளின் மணிக்கட்டில் வலி சட்டென்று நின்றுவிட்டதல்லவா? சிட்டு குணமாகிவிட்டது என்று அறிவிப்பாளர் கத்திக்கொண்டிருந்தார். வேர்க்க விறுவிறுக்க ஒரு நிருபர் ஓடிவந்து மரகதவல்லியின் முகத்துக்கு நேரே ஒலிவாங்கியை நீட்டினார். திரையில் விருதுநகரிலிருந்து ஒரு தாங்கி, நடுவயதுப் பெண், நெற்றி நிறையத் திருநீறோடு இருந்தாள்.

"டாக்டரம்மா, எங்க எல்லாருக்கும் ஒரே நேரத்துல வலி நின்னுருச்சு. புள்ளைக்குச் சரியாயிருச்சுல்ல?"

"சிட்டு செத்துட்டாம்மா."

பட்டாசுச் சத்தம் ஒவ்வொரு தெருவாக அடங்கியது.

"நாங்க வாங்கிக்கிட்டமே?" என்றாள் அந்தப் பெண். "வலிய நாங்க வாங்கிக்கிட்டமே?"

"அது ஓட்டினவரோட வலிம்மா. சிட்டுவோடது அவகிட்டயேதான் இருந்துச்சு. நீங்க வாங்கிக்கிட்டதால அவருக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா இறங்கியிருப்பாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் வரச் சொன்னேன்."

அந்தப் பெண் பட்டை கட்டிய கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "அப்ப நாங்கதான் அதை ஓட வச்சமா?" என்று கேட்டாள். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை, திரையிலிருந்து விலகிப் போய்விட்டாள்.

மரகதவல்லி தலை குனிந்து நின்றாள். கல் எறிவார்கள் என்று எதிர்பார்த்தாள். எறிந்தால் நல்லது என்றுகூட இருந்தது.

கல் வரவில்லை. சாயங்காலத்துக்குள் வேறொன்று வந்தது. "டாக்டரை மட்டும் குறை சொல்லாதீர்கள், இது நம் எல்லோருடைய தவறு" என்று யாரோ எழுதினார்கள். அதைக் கோடிக்கணக்கான பேர் வழிமொழிந்தார்கள். கறுப்புப் பட்டை கட்டிப் படம் எடுத்துப் போட்டார்கள். ஒரு பெருமூச்சு விட்டார்கள். இரவுச் சாப்பாட்டுக்குள் எல்லோருக்கும் மனசு லேசாகிவிட்டது. அடுத்த வருட ஓட்டத்துக்குத் தாங்கியாகப் பெயர் கொடுப்பவர்களும் கூடிவிட்டார்கள்.

உதயச்சந்திரன் அதையெல்லாம் அவளிடம் கொண்டுவந்து காட்டினார். கண் கலங்கியிருந்தார், உண்மையாகவே.

"பாருங்க டாக்டர், நம்ம ஜனங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு. உங்க தப்புல ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிட்டாங்க. இப்ப உங்களுக்குப் பாதியாவது குறைஞ்சிருக்குமே?"

"இல்ல சார்," என்றாள் மரகதவல்லி. "அப்படியேதான் இருக்கு."

அவர் நம்பமுடியாமல் அவளைப் பார்த்தார்.

"அதெப்படி டாக்டர்? இத்தனை கோடிப் பேர் எடுத்துக்கிட்டதுக்கு அப்புறமுமா?"