அன்புள்ள ஐந்தாம் கவிகை வாசிகளே

காலை பத்து மணிக்குள் பூரணவல்லி பதினோராயிரம் பேருக்கு நன்றி சொல்லி முடித்திருந்தாள். பதினோராயிரம் பேரும் அவளுக்குப் பதில் நன்றி சொல்லியிருந்தார்கள். இதில் மனிதர் ஒருவருக்கும் சம்பந்தமில்லை. செவ்வாயில் அது சாதாரணக் காலைதான்.

காற்று வழங்கும் நிறுவனத்தில் அவளுக்குக் கடித வார்ப்புரு வகுக்கும் வேலை. அவள் வகுத்த அச்சில் இயந்திரம் கடிதங்களை வார்த்து அனுப்பும். அந்தப் பக்கம், வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் பதித்த ‘பதிலி’ என்ற சில்லு அதைப் படித்து, அவர் சார்பில் பதிலும் போட்டுவிடும். முப்பது வருடமாக அங்கே யாரும் ஒரு கடிதத்தைப் படித்ததுமில்லை, எழுதியதுமில்லை. நாகரிகம் என்றால் சும்மாவா?

பத்தேகாலுக்குச் செய்தி வந்தது. ஐந்தாம் கவிகையின் கூரையில் விரிசல். கவிகை என்பது கண்ணாடிக் கூரைக்குள் அடங்கிய ஓர் ஊர்; அந்தப் பதினோராயிரம் பேரும் ஐந்தாவதில்தான் குடியிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் எல்லோரும் பக்கத்து நான்காம் கவிகைக்குப் போய்விட வேண்டும். பூரணவல்லியின் கணவன் கோமதிநாயகம் அங்கேதான் வீட்டில் இருந்தான். அலுவலகத்திலிருந்து வண்டியில் போக மூன்று மணி நேரம். அபாயச் சங்கு ஒன்று இருந்தது. வாடிக்கையாளர்களுக்குப் பதற்றம் தருகிறதென்று போன வருடம் கழற்றிவிட்டார்கள்.

கடிதத்தை அவள் வகுக்க, மேலாளர் ஞானசிகாமணி திருத்தினார். ‘ஆபத்து’ கூடாது, ‘சிறு அசௌகரியம்’ என்று போடச் சொன்னார். ‘ஓடுங்கள்’ மரியாதைக் குறைவாம். முதல் பத்தியில் நன்றி, இரண்டாவதில் நமது நீண்ட உறவு, மூன்றாவதில் புதிய சந்தாத் திட்டம். விஷயம் எட்டாவது பத்தியில் வரலாம்.

“அங்க உயிர் போயிடும் சார்” என்றாள்.

“அதுக்காக அச்சை மாத்த முடியுமாம்மா?” என்றார் அவர்.

கடிதம் போனது. இரண்டே நொடியில் பதினோராயிரம் பதில்கள் வந்தன: ‘தங்கள் மேலான சேவைக்கு நன்றி. ஐந்து நட்சத்திரம்.’ கண்காணிப்புத் திரையில் ஐந்தாம் கவிகையின் வாசலில் ஈ காக்கை இல்லை.

கணவனைக் கூப்பிட்டாள். “சாப்பிட்டேன்மா. நீ சாப்பிட்டியா?” என்று அவன் குரல் அன்பொழுகக் கேட்டது.

“என்னங்க, உடனே வெளிய வாங்க. கூரை விழப்போகுது.”

“சாப்பிட்டேன்மா. நீ சாப்பிட்டியா?”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பேசியது பதிலி. ‘மனைவிக்குப் பதில், வகை இரண்டு.’ பாவி, அந்த வார்ப்புருவை வகுத்தவளும் அவளேதான்.

அப்போதுதான் பதிலிக்கு ஒரு விதிவிலக்கு உண்டென்பது நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் சில்லின் தலையில் கட்டிய ஜனங்கள், ஒரே ஒரு சொல் வந்தால் மட்டும் தங்களை நேரே கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். மேலாளர் தேநீருக்கு எழுந்துபோன நேரம் பார்த்து, வணக்கம்கூடப் போடாமல் அனுப்பினாள்: ‘நான்காம் கவிகையில் பூமி மாம்பழம் இலவசம். ஆளுக்கு இரண்டு. நேரில் வருவோர்க்கு மட்டும். பதினொரு மணி வரை.’

பதினேழு நிமிடத்தில் ஊர் காலி. ஆளுக்கு இரண்டாயிற்றே என்று, படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களைக்கூடத் தூக்கி வந்துவிட்டார்கள். பதினொன்றேகாலுக்குக் கூரை சரிந்தது. உள்ளே ஓர் உயிர் இல்லை. பூரணவல்லி மேசையில் தலையைச் சாய்த்து விம்மி விம்மி அழுதாள்.

மதியம் பதினோராயிரம் கடிதங்கள் வந்து குவிந்தன. ஒன்றுகூடப் பதிலி எழுதியதில்லை. முப்பது வருடத்துக்குப் பிறகு மனிதர்கள் சொந்தமாக யோசித்து, பிழையும் கோபமுமாகத் தாங்களே எழுதியிருந்தார்கள். கூரையைப் பற்றி ஒரு வரி கிடையாது. மாம்பழம் எங்கே என்றுதான் அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள்.

முதல் கடிதம் கோமதிநாயகத்தினுடையது. ‘ஆறு பையோட வந்து ஏமாந்து நிக்கிறேன். இதை அனுப்பினது யாரு? அந்த ஆளை முதல்ல வேலையை விட்டுத் தூக்குங்க.’

பூரணவல்லி அதை இரண்டு தடவை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்த வார்ப்புருவையும் எடுக்காமல், தன் கையாலேயே பதில் எழுதினாள்:

‘சாப்பிட்டேங்க. நீங்க சாப்பிட்டீங்களா?’