பெயர் சொல்லாமல் சிந்திய மூன்று சொட்டு

மூன்றாவது முறை துடைத்த பிறகும் அந்தக் கட்டைவிரல் ரேகை இசைத்தட்டின் மேல் இருந்தது.

போக்குவா தன் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ரேகை இரண்டு மடங்கு அகலம். அவள் தட்டை ஓரங்களில் மட்டுமே பிடிப்பாள். நடுவில் ஒட்டிய காகிதம் நனையாமல், கோடுகள் போகும் போக்கிலேயே வட்டமாகத் துடைப்பாள். ஆனாலும் எங்கோ தானேதான் தவறியிருக்க வேண்டும் என்று தோன்றியது. நாளை ஆன்ட்வி மாமா ஒரு சாவு வீட்டில் போட வேண்டிய தட்டுகள். குமாசி நகரம் முழுக்க ஹர்மத்தான் வறண்ட காற்றின் புழுதி. சன்னல்களை இறுக மூடிய அந்த மதிய அறைக்குள் ஜின் சாராய வாடையும், பழைய அட்டையுறைகளின் வாடையும், அவற்றுக்கும் அடியில் ஈரமண் வாடையும் அடைந்து கிடந்தன. மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது.

போனில் மாமா சிரித்தார். "வறுத்த வாழைக்காய தின்னுட்டு அதே கையோட தொட்டிருப்ப, மகாராணி."

"இல்ல மாமா. குழாய்ல தண்ணி நின்னுபோச்சு. அலமாரில இருந்த ஜின்னத் தொட்டுத் தொடைக்கிறேன்."

சிரிப்பு நின்றது. "தரையில சிந்துச்சா?"

"மூணு சொட்டு."

"யார் பேரையாவது சொன்னியா?"

"இல்லியே."

"அடிப்பாவி! செத்தவங்கள கூப்பிடத்தானடி ஜின்ன தரையில ஊத்துறோம். பேரு சொன்னா அவங்க வருவாங்க. சொல்லலேன்னா எவன் வேணா வருவான். மொதல்ல வெளிய போ."

"எப்படிப் போறது? கம்பிக் கதவ பூட்டிட்டுப் போனதே நீங்கதானே?"

"ஒபுவாசில இருக்கேன். ரெண்டு மணி நேரத்துல வந்துடுவேன். எது கூப்பிட்டாலும் பதில் பேசாத."

கம்பிக் கதவை உலுக்கினாள். முற்றத்தில் யாரும் இல்லை. கத்திப் பார்த்தாள். புழுதிதான் உள்ளே வந்தது.

திரும்பினாள்.

காயவைத்த ஏழு தட்டுகள். முதலாவதில் ரேகை. இரண்டாவதில். மூன்றாவதில். வரிசை அவள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஆறாவது சுத்தமாக இருந்தது. கண் சிமிட்டினாள். இப்போது அப்படி இல்லை.

கடைசித் தட்டைப் பறித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். முதுகு சுவரில். அவள் மூச்சு பட்டுக் கறுப்பில் ஒரு வெண்படலம் படர்ந்தது.

அதன் பக்கத்தில், சற்று உயரத்தில், இன்னொன்று.

மூச்சை அடக்கினாள்.

அவளுடையது மறைந்தது. மற்றது, நிதானமாக, விரிந்தது.