வெளிச்சத்தில் வந்து நின்றவர்

வேன்கார அக்கா படியேறி வந்தபோது பட்டாசு ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் வழக்குகளுக்குத்தான் பஞ்சம், தூசிக்கு இல்லை. பட்டாசுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. பொறுமைக்கும் அவளுக்கும் இன்றுவரை ஏழாம் பொருத்தம். துப்பறிவாளர் அவளுடைய அக்காள் கணவர். எதையும் நிதானமாகப் பார்த்து, நிதானமாக யோசித்து, அதைவிட நிதானமாகச் சொல்லுகிறவர். அவருக்கு ஆமையார் என்று பெயர் வைத்தவளும் பட்டாசுதான். முகத்துக்கு நேரே மட்டும் அத்தான்.

வந்தவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். சாவிக்கொத்தைக் கையிலிருந்து விடாமலே நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"என் தம்பிய உள்ள தள்ளப் பாக்கறாங்க சார். கேஸ் நாளன்னைக்கு கோர்ட்டுக்குப் போகுது. ஜெயிலெல்லாம் அவன் தாங்கமாட்டான்."

தம்பி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. பேச்சு மட்டும் தங்கிவிட்டது. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, டக்டக்கென்று பதில் சொல்லுவான். போன வாரம் கடைத்தெருவில் ஒரு ஐஸ்கிரீம் கடை வேலையை முடித்து அவன் வெளியே வந்த நேரம், தெருவில் ஆர்ப்பாட்டம். துணியால் முகத்தை மூடிய தனிப்படைப் போலீசார் கூட்டத்தைக் கலைத்துக்கொண்டிருந்தார்கள். கலைந்து போகச் சொல்லி ஒலிபெருக்கி அலறியது. எல்லாரும் ஓட, இவன் மட்டும் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் ஷட்டரோடு ஒட்டி நின்றான். ஒரு போலீஸ்காரர் பக்கவாட்டில் வந்து கையைப் பிடித்து இழுத்தார். இவன் மிரண்டு திமிறியதில், தோளில் தொங்கிய கருவிப் பை அவர் முழங்காலைப் பதம் பார்த்துவிட்டது. உத்தரவை மீறிப் போலீசைத் தாக்கினான் என்று வழக்கு.

"காது கேக்காதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று பட்டாசு வெடித்தாள்.

"சொல்லாம இருப்பேனா? நடிப்புன்னு சொல்லிட்டாங்க."

ஆமையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காது கேக்கலன்னாலும் எல்லாரும் ஓடறது கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமே. அவர் ஏன் ஓடல?"

"அதான் சார் புரியல. ஜாமீன்ல எடுத்து வேன்ல கூட்டிட்டு வரும்போது, 'இங்கயே நில்லுங்க, நகராதீங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்'னு ஒரு போலீஸ்காரர் சொன்னார்க்கா, அதான் நின்னேன்னு சொன்னான். சரி, இத வக்கீல்கிட்ட சொல்லுடான்னு கூட்டிட்டுப் போனா, யாரும் எதுவும் சொல்லல, பயத்துல நின்னுட்டேன்னு பேச்ச மாத்திட்டான். எந்தப் போலீஸ்காரர்டான்னு கேட்டா வாயே தெறக்க மாட்டேங்கறான்."

"எப்படிச் சொல்லுவார்? எல்லாரும் மூஞ்சிய மூடிட்டில்ல நிக்கறாங்க!" பட்டாசு துடைக்கும் துணியை மேசைமேல் வீசினாள். "திருடன் மூடினா அர்த்தம் இருக்கு. போலீசுக்கு எதுக்குங்க மூடாக்கு?"

"போய்க் கேட்டுட்டாப் போச்சு," என்றார் ஆமையார்.

முதலில் மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனார்கள். அவன் ஒரு பழைய ஃப்ரிட்ஜின் முதுகில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி நின்றிருந்தான். மோட்டார் ஓடுகிற லட்சணத்தை அவன் கையால்தான் கேட்பான். அக்கா வேலை மேசையை இரண்டு தட்டுத் தட்டினாள். அதிர்வு காலுக்கு எட்டியதோ என்னவோ, உடனே திரும்பினான்.

ஆமையார் வாசலில் நின்றபடியே பேச ஆரம்பித்தார். மெக்கானிக் அவர் தோளைத் தொட்டு, மெதுவாகத் திருப்பி நிறுத்தினான்.

"இந்தப் பக்கம் வாங்க சார். வாசலுக்கு முதுகக் காட்டி நின்னா உங்க மூஞ்சி இருட்டா இருக்கு."

குரல் கொஞ்சம் உரக்க இருந்தது. மற்றபடி யாரும் வித்தியாசம் சொல்ல முடியாது. தேநீர் வந்தது. ஆமையார் டம்ளரை உதட்டருகே வைத்துக்கொண்டே ஏதோ கேட்டார்.

"டம்ளர எறக்கிட்டுச் சொல்லுங்க சார்," என்று சிரித்தான் மெக்கானிக்.

அவர் இறக்கினார். "உங்கள நிக்கச் சொன்னது யாரு?"

சிரிப்பு போய்விட்டது. "யாரும் சொல்லல."

"அப்போ நாளன்னைக்கு ஜெயிலுக்குப் போகவும் தயாரா?"

மெக்கானிக் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"பாத்தீங்களா? வீட்ல சண்டன்னாலும் இதே வேலதான்," என்றாள் அக்கா. "கண்ண மூடிட்டா அவனுக்குப் பேச்சு முடிஞ்சுது. அப்புறம் நான் கத்தறது செவுத்துக்குத்தான்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பட்டாசுக்கும் அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் அவள் அதைக் கோபமாக மாற்றிக்கொண்டு ஆமையாருக்கு முன்னால் காவல் நிலையத்துக்கு நடந்தாள்.

நிலையத்தின் முன்கூடத்தில் தனிப்படைக்காரர்கள் இருந்தார்கள். வெளியாட்கள் வந்ததும் எல்லாரும் முகத்துணியைக் கண்ணுக்குக் கீழே வரை ஏற்றிக்கொண்டார்கள். ஒருவர் முழங்காலில் கட்டோடு நொண்டினார். ஒருவர் கைப்பேசியை விட்டு நிமிரவில்லை. புருவம் நரைத்த ஒருவர் வரவேற்பு மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். இவர்கள் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தார். பிறகு நின்ற இடத்தை விட்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்து, "அம்மா உள்ள இருக்காங்க. உக்காருங்க, கூப்பிடுவாங்க," என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நாம என்ன தூங்கிட்டா வந்தோம்? மேசையத் தட்டி எழுப்பறாரு," என்று பட்டாசு முணுமுணுத்தாள்.

இன்ஸ்பெக்டர் அம்மா கறாரானவர். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லுகிறவர். "காது கேக்காதவர் எப்படிங்க அத்தன கேள்விக்கும் சரியா பதில் சொல்லுவார்? நான் நேர்ல விசாரிச்சேன். ஒரு கேள்வி கூட ரெண்டாவது தடவ கேக்கல."

"நீங்க முகத்துணி கட்டியிருந்தீங்களா?"

"எனக்கு எதுக்கு? அது தனிப்படைக்கு மட்டும்தான்."

"அவங்களுக்கு மட்டும் எதுக்கு?" பட்டாசு இதற்காகவே காத்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தார். "போன வருஷம் ஒரு ரவுடிக் கும்பலப் பிடிச்சோம். எங்க ஆள் ஒருத்தரோட போட்டோவ எடுத்து ஊர் பூரா அனுப்பிட்டாங்க. மறுநாளே அவர் வீட்டு ஜன்னல்ல கல்லு. படுக்கையெல்லாம் கண்ணாடிச் சில்லு. அதுக்கு நடுவுல அவர் பொண்ணு தூங்கிட்டிருந்திருக்கு. அவ்வளவு சத்தத்துக்கும் அந்தப் புள்ள எழுந்திருக்கவே இல்லையாம். நெனச்சுப் பாருங்க, புரண்டு படுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? அன்னைலேர்ந்துதான் இந்தத் துணி. வெளியாளுங்க முன்னால எறக்கினா சஸ்பென்ஷன். நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

பட்டாசு ஒப்புக்கொள்கிற மாதிரித் தலையாட்டினாள். அவள் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"எந்த வீடுன்னு கேக்கமாட்டேன்," என்றார் ஆமையார். "நாளைக்குக் காலைல உங்க தனிப்படையையும் மெக்கானிக்கையும் இதே அறையில பத்து நிமிஷம் சேத்து வைப்பீங்களா?"

திரும்பி நடக்கும்போது பட்டாசு பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "என்ன அத்தான், ஏதாவது பிடிபட்டுதா? எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

"வேன்கார அக்கா சொன்னத யோசிச்சுப் பாரு. நில்லுங்க, நகராதீங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன். கையக் காட்டி நில்லுன்னு சொல்லலாம். வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்ல முடியுமா? அது உதட்டுலேர்ந்துதான் வந்திருக்கணும். டம்ளர் மறைச்சதுக்கே அவருக்கு ஒண்ணும் புரியல."

பட்டாசு நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "அப்போ அந்தப் போலீஸ்காரர் துணிய எறக்கிட்டுப் பேசியிருக்கார்!"

"ஆமா. மெக்கானிக் அந்த முகத்தப் பாத்திருக்கார். யாருன்னு தெரிஞ்சும் சொல்லமாட்டேங்கறார். சரி, அந்தக் கலவரத்துல, இவருக்குக் காது கேக்காது, துணிய எறக்கினாத்தான் புரியும்னு யாருக்குத் தோணும்? அதோட வாழறவங்களுக்குத்தான். மேசையத் தட்டிட்டு, பாக்கற வரைக்கும் காத்திருந்து, வெளிச்சத்துல வந்து நின்னு பேசினாரே ஒருத்தர். மூடின முகத்துக்கு எதுக்கு வெளிச்சம்?"

"பழக்கம்..." என்றாள் பட்டாசு மெதுவாக. உடனே அவள் குரல் உடைந்தது. "அத்தான், கண்ணாடி உடைஞ்சும் எழுந்திருக்காத அந்தப் புள்ள..."

"அவளுக்குக் கேக்கல. அவ்வளவுதான். வீட்டு விஷயம்னு அவர் இங்க யார்கிட்டயும் சொல்லிக்கல போல. இன்னொரு கல்லு வந்தாலும் அவளுக்குக் கேக்காது. அத நெனச்சுத்தான் அந்தப் போலீஸ்காரர் வாயத் தெறக்கல."

"வாங்க, இப்பவே திரும்பிப் போய் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிடலாம்!"

"எனக்குத் தெரிஞ்சது எனக்குள்ள இருக்கட்டும். அவர் மூஞ்சிலேர்ந்து துணிய நாம இழுத்தா, போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினானே, அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

பட்டாசு நிலையத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் அம்மாவின் அறையில் தனிப்படை சுவரோரமாக வரிசையாக நின்றது. எல்லாருக்கும் ஒரே சீருடை, ஒரே துணி. எதிரே மெக்கானிக்கும் அக்காவும். பட்டாசு கதவோரம் நின்று, நரைத்த புருவத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமையார் மெக்கானிக்குக்குத் தெரியும்படி வெளிச்சத்தில் நின்றுகொண்டார். "அம்மா, இவர் உத்தரவ மீறல. உத்தரவக் கேட்டுத்தான் நின்னார். உங்க ஆளுங்கள்ல ஒருத்தர், இவருக்குக் காது கேக்காதுன்னு அந்த நெரிசல்லயே புரிஞ்சுக்கிட்டு, துணிய எறக்கிட்டு, ஓடினா மிதிபட்டுச் சாவீங்க, இங்கயே நில்லுங்கன்னு காப்பாத்தியிருக்கார்."

"சார், வேணாம்!" மெக்கானிக் எழுந்துவிட்டான். "நான்தான் சொன்னேனே, யாரும் ஒண்ணும் சொல்லல!"

அக்கா திகைத்துப்போய்த் தம்பியைப் பார்த்தாள். "ஐயோ, எனக்கு இது தோணவே இல்லையே. இவன் சொன்னாங்கன்னா நானும் சொன்னாங்கன்னே நெனச்சுப்பேன். கூடவே இருந்து இருந்து, இவனுக்குக் காது கேக்காதுங்கறதே எனக்கு மறந்துபோச்சு."

"யார் அது?" இன்ஸ்பெக்டர் அம்மாவின் பார்வை வரிசையில் ஓடியது.

"தெரியும். ஆனா சொல்லமாட்டேன். இவர் ஜெயிலுக்குப் போனாலும் பரவால்லன்னு மறைக்கறத, நான் எப்படிச் சொல்றது? ஒண்ணு மட்டும் சொல்றேன். அவர் ஒரு தப்பும் பண்ணல. சொல்றதும் சொல்லாததும் அவர் இஷ்டம்."

பிறகு நரைத்த புருவக்காரர் வரிசையை விட்டு ஓரடி முன்னால் வந்தார். துணியைக் கழுத்துக்கு இறக்கினார். சவரம் செய்யாத, களைத்த, சாதாரண முகம். பார்த்தால் யாருடைய அப்பாவாகவும் இருக்கலாம்.

"என்கிட்ட சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

"மன்னிக்கணும்மா. உங்களப் பாத்துச் சொன்னா அவருக்குப் புரியாது." அவர் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். "நான்தாங்க உங்கள நிக்கச் சொன்னேன். தெரு முனையில ஒரு கிழவி விழுந்துட்டாங்க, தூக்கப் போயிட்டேன். திரும்பி வர்றதுக்குள்ள உங்களப் பிடிச்சுட்டாங்க. அப்பவே சொல்லியிருக்கணும். நீங்க ஜாமீன்ல வந்ததும் உங்க பட்டறைக்கு வந்து, என் முகத்தப் பாத்தத யார்கிட்டயும் சொல்லாதீங்க, ஏற்கெனவே வீட்ல கல்லு விழுந்துது, உங்கள மாதிரியே காது கேக்காத புள்ள இருக்குன்னு ஒரு வார்த்த கேட்டேன். அதுக்காக ஜெயிலுக்கே போகத் துணிவீங்கன்னு நெனக்கல. இத்தன நாளும் சாப்பாடு எறங்கல."

மெக்கானிக் அவர் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பாப்பா பயந்துட்டாளா?" என்று கேட்டான், அந்த உரத்த குரலில்.

"அவ பயப்படல. நான்தான் பயந்துட்டேன்."

முழங்காலில் கட்டுப் போட்டவர் சுவரோரம் நின்று துணிக்குள்ளேயே மூக்கை உறிஞ்சினார். பட்டாசு அழுதாள்; அதை மறைக்கவும் இல்லை. இன்ஸ்பெக்டர் அம்மா வழக்குக் கோப்பை மூடி, அதன்மேல் கண்ணாடிக் குண்டை வைத்தார்.

"கேஸ நான் விட்டுடறேன்," என்றார். "ஆனா ஏட்டு, துணிய எறக்கினத மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும். விதி விதிதான்."

"எழுதுங்கம்மா."

"எதுக்காக எறக்கினீங்கன்னும் சேத்து எழுதுவேன். அப்புறம் உங்க தெருவுக்கு இன்னைலேர்ந்து ரோந்து போகும். வெறும் துணியக் குடுத்துட்டு நான் அதோட விட்டிருக்கக் கூடாது." அவர் வரிசையைப் பார்த்தார். "இந்தத் துணிய வச்சு என்ன செய்யறதுன்னு எனக்கு இன்னும் தெரியல. தெரிஞ்சா சொல்றேன். நீங்கல்லாம் போங்க."

வெளியே வந்ததும் அக்கா வேனை எடுத்துவரப் போனாள். மெக்கானிக் ஏட்டிடம் ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தான். பாப்பா எந்த வகுப்பு, உதடு பார்க்கப் பழகிவிட்டாளா, வகுப்பில் முன்வரிசையில் உட்கார வைக்கிறார்களா, வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே பாடம் நடத்துகிறாரா. அப்படி நடத்துகிற வாத்தியாரை என்ன செய்யலாம் என்று அவனுக்குப் பல யோசனைகள் இருந்தன. ஏட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

நிலையத்தின் வாசல் வந்தது. அதற்கப்பால் தெரு, கடைகள், ஜனங்கள், கையில் கைப்பேசிகள். ஏட்டின் கை பழக்கத்தில் கழுத்துத் துணிக்குப் போயிற்று. மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, மூடிக்கொள்ளுங்கள் என்பதுபோலத் தலையாட்டினான். வேன் வரும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவும் தயாரானான்.

ஏட்டு துணியைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, அவன் தோளைத் தொட்டுத் திருப்பினார்.

"அவ நாலாவது படிக்கறாங்க," என்று சொல்லத் தொடங்கினார்.